கம்பத்தில் குளிர்காலம் என்பது கத்தரிக்கோல்

“தெற்கு மாட வீதித் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை எந்த மாதமும் கிடைக்கிறதே, மாம்பழம் மாதிரி இதையும் கல் வைத்துத்தானே பழுக்கவைக்கிறார்கள்?” என்று மயிலாப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. பறித்த பிறகு திராட்சை பழுக்காது. கொடியில் இருந்தபோது ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். கார்பைடு கல்லோடு ஒரு வாரம் பூட்டிவைத்தாலும் புளிப்புப் பழம் இனிக்காது. ஆனால் எல்லா மாதமும் எப்படி வருகிறது என்பது நல்ல கேள்வி.

இத்தாலியின் ஆன்டினோரி குடும்பம் 1385 முதல், 26 தலைமுறைகளாக, ஒயின் தொழிலில் இருக்கிறது. ஆண்டுக்கு ஓர் அறுவடை என்று வைத்தால் சுமார் 640 அறுவடைகள். பன்னீர் திராட்சை விளையும் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண்டில் ஐந்து முறைகூடக் குலை வெட்டலாம். அந்தக் கணக்கை நம் விவசாயி சுமார் 256 ஆண்டில் முடித்துவிடுவார்.

ரகசியம் இலைக்காம்பின் இடுக்கில் இருக்கும் மொட்டில். அதை நுண்ணோக்கியில் பார்த்தால், அடுத்த பருவத்தின் கிளையே உள்ளே சுருண்டு கிடக்கும். அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக முனைப்புகள். பூங்கொத்தாவதா, பற்றுக்கம்பியாவதா என்று அவை இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டும் ஒரே உறுப்பின் இரண்டு வேடங்கள். மொட்டின்மேல் வெயில் விழுந்து சைட்டோகைனின் என்ற ஹார்மோன் போதிய அளவு வந்தால் பூங்கொத்து. ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன் ஓங்கினால் பற்றுக்கம்பி.

தி.நகர் கல்யாண மண்டபமும் இப்படித்தான். மாதக்கணக்கில் முன்பே தேதி குறிக்க வேண்டும். சைட்டோகைனின் அட்வான்ஸ் கட்டினால் கல்யாணம்; இல்லாவிட்டால் அதே கூடத்தில் நைட்டி, ஜமுக்காளம் தள்ளுபடி விற்பனை. நிழலில் கிடக்கும் மொட்டு, பார்க்கிங் இல்லாத மண்டபம். முதன்மை மொட்டு கருகினால் முளைக்கக் காத்திருக்கும் இரண்டாம், மூன்றாம் மொட்டுகள் மாப்பிள்ளையின் தம்பிகள். சரி, பந்திக்குப் போகுமுன் நிறுத்திக்கொள்கிறேன்.

முடிவான பிறகும் மொட்டு விரியாது. வளரும் கொடிநுனி அதை அடக்கி வைத்திருக்கும். இத்தாலியில் அது பனிக்காலம் முழுக்க உறங்கி வசந்தத்தில் விழிக்கும். கம்பத்தில் பனிக்காலமே கிடையாது, கொடி எப்போதும் பச்சை. அதனால் பந்தலில் கொடிநுனிகளை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். நுனி போனதும் மொட்டு விரியும். சுமார் நான்கு மாதத்தில் குலை தயார். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது இன்னொன்றில் அறுவடை. மாட வீதிக்கு வரத்து நிற்பதில்லை.

ரசாயனமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மொட்டுகள் ஒரே சீராக விழிக்க, இந்தியத் தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு தடவும் வழக்கம் உண்டு. அது பழம் உருவாவதற்கு முன்பே முடிந்துபோகும் வேலை. பூஞ்சாணத்துக்கு மருந்து அடிப்பார்கள். அதற்காகக் கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

வரலாறும் கேட்பீர்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த பழம் என்று பல செய்திகள் எழுதின. பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அந்த ரகமோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கலப்பினச் சேர்க்கையில் பிறந்தது என்கிறார்கள் திராட்சை வல்லுநர்கள். பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருக்கலாம், அல்லது ஆண்டு தவறு. பழத்துக்கு இதனால் குறைவில்லை.

பூங்கொத்தும் பற்றுக்கம்பியும் ஒரே உறுப்பு என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஆஸ்திரேலியாவிலிருந்து. ஷாம்பெயினுக்குப் பயன்படும் பினோ மூனியே ரகத்தின் மேற்தோல் அடுக்கிலிருந்து மட்டும் செடி வளர்த்துப் பார்த்து, 2002-ல் இரண்டு ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மரபணு மாற்றத்தால் அந்தச் செடிக்கு ஜிப்ரலினின் பேச்சு காதில் விழவில்லை. பற்றுக்கம்பி வரவேண்டிய இடமெல்லாம் பூங்கொத்து! இதை ‘திராட்சைப் புரட்சி’ என்று யாராவது தலைப்பிடுமுன் சொல்லிவிடுகிறேன்: அது ஆய்வகத்துக் குள்ளச் செடி. பற்றிக்கொள்ளக் கம்பியும் இல்லாததால் கம்பத்துப் பந்தலில் ஏறாது.