ராதை பேசினாள், புத்தகம் பறிமுதலானது

1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டவர் மராத்திய மன்னர் பிரதாபசிம்மர். காவிரிப் படுகை நெல்லின் வருமானம் கவிஞர்களையும் இசைவாணர்களையும் ஆடல் மகளிரையும் தாங்கி நின்ற காலம் அது. அரசர் மராத்தியர் என்றாலும் அவைக் கவிதையில் தெலுங்குக்கே முதல் மரியாதை. அந்த அவையின் கணிகையரில் ஒருவரான முத்துப்பழனி, ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற சிருங்கார காவியத்தைப் படைத்தார். குலப்பெருமை பேசும் இடத்தில் பாட்டி தஞ்சநாயகி தொடங்கிப் பெண்களையே அவர் முன்னிறுத்துகிறார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இவர்தான்.

பாலியல் ஆய்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஐரோப்பாவிலிருந்து தொடங்குவார்கள். மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1886-ல் தன் நூலை வெளியிட்டார். அதில் காமம் பெரும்பாலும் நோய்க்குறிப்பாகவே வருகிறது. 1905-ல் பிராய்டின் மூன்று கட்டுரைகள் வந்தன. குழந்தைப் பருவத்திலேயே பாலுணர்வின் வேர் இருக்கிறது என்று சொல்லி உலகை அதிரவைத்த அவரே, பெண்ணின் பாலியல் வாழ்வு உளவியலுக்கு இன்னும் இருண்ட கண்டம்தான் என்று 1926-ல் ஒப்புக்கொண்டார். நம் பக்கமும் பெருமை பேச முடியாது. வாத்ஸ்யாயனரும் கொக்கோகரும் ஆண்கள். கொக்கோகத்தைத் தமிழில் தந்தவராகச் சொல்லப்படும் அதிவீரராம பாண்டியரும் ஆண். பெண்ணின் ஆசையைப் பற்றி ஆண்கள் எழுதிக் குவித்தார்கள்; அவளைப் பேசவிட்டவர்கள் மிகக் குறைவு.

முத்துப்பழனி பேசினார். அவருடைய ராதை, கண்ணனுக்கு இளாதேவியைத் தானே முன்னின்று மணமுடித்து வைக்கிறாள். அதன் பிறகுதான் பிரிவும் பொறாமையும் அவளை வதைக்கின்றன. தேடி வரும் கண்ணன் அவள் கோபத்தை ஆற்ற வேண்டியிருக்கிறது. தலைப்பே அந்தச் சமாதானத்தைத்தான் சொல்கிறது. ஆசைப்படுவதும், அதைச் சொல்வதும், முதலில் நெருங்குவதும் பெண். எனக்கு இந்தக் காவியம் முக்கியமாகப் படுவது அதன் சிருங்காரத்தால் மட்டும் அல்ல. தன் விருப்பத்துக்காக ராதை எங்கும் வெட்கப்படுவதில்லை. கவிஞரும் அவளைத் தண்டிப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நூல் அச்சேறியபோது, முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொன்ன முன்னுரையும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. சமூகச் சீர்திருத்தத்தில் பெயர் பெற்ற கந்துகூரி வீரேசலிங்கமோ ஆசிரியரின் ஒழுக்கத்தையே இழுத்து நூலைப் பழித்தார். விதவை மறுமணத்துக்காகப் போராடியவருக்கும் ஒரு பெண் இன்பத்தைப் பற்றி எழுதியதைத் தாங்க முடியவில்லை.

மூலச்சுவடியைத் தேடிப்பிடித்து முழு நூலையும் 1910-ல் பதிப்பித்தவர் இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள். இதே அளவு சிருங்காரத்தை ஆண் கவிஞர்கள் எழுதினால் ரசிக்கிறவர்களுக்கு, பெண் எழுதும்போது மட்டும் ஆபாசமாகத் தெரிவது ஏன் என்று அவர் நேரடியாகவே கேட்டார். விடையாக வந்தது காவல்துறை. ஆபாசம் என்று சொல்லி 1911-ல் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். சென்னை மாகாணத்தில் பிரகாசம் பந்துலு ஆட்சிக்கு வந்த பிறகே தடை நீங்கியது, மறுபதிப்பு 1952-ல். அந்த ஆண்டில்தான் நாகரத்தினம்மாள் காலமானார்.

இது காலனி ஆட்சியின் கெடுபிடி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் குளவிகளை ஆராய்ந்துகொண்டிருந்த விலங்கியலாளர் ஆல்பிரட் கின்சி, ஆயிரக்கணக்கானோரை நேரில் பேட்டி கண்டு 1948-ல் ஆண்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். புத்தகம் பரபரப்பாக விற்றது. 1953-ல், சுமார் 6,000 பெண்கள் சொன்னதை வைத்து அடுத்த அறிக்கை வந்தபோதுதான் கண்டனம் உச்சத்துக்குப் போனது. மறு ஆண்டு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதி நின்றது. கின்சியின் மாதிரித் தேர்வில் குறை உண்டு; புள்ளியியலாளர்கள் அதை அப்போதே சுட்டினார்கள். ஆனால் மேடைகளில் எழுந்த கோபம் புள்ளியியலைப் பற்றியது அல்ல.

1966-ல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் உடலின் பாலியல் எழுச்சியை ஆய்வுக்கூடத்தில் அளந்து நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ல் அதை மாற்றிப் பார்த்தார். பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கமும் பரிவும் நம்பிக்கையும் அமைந்த பிறகு அது எழலாம் என்றார் அவர். சமாதானமும் கூடலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தஞ்சைக் காவியத்தை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. காவியம் ஆய்வாகிவிடாது, ஆனால் ஒரு பெண்ணின் வாக்குமூலமாக அதற்கு எடை உண்டு.

முத்துப்பழனி போன்றவர்கள் வாழ்ந்த தேவதாசி முறையைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கட்டமைப்புக்குள் வதைபட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை எதிர்த்து இதே டெல்டாவில் ஊர் ஊராகப் பேசினார்; 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது நியாயம். அந்த முறை ஒழிய வேண்டியதுதான். அதில் வாழ்ந்த பெண்கள் எழுதியதையும் சேர்த்து ஒழித்திருக்க வேண்டியதில்லை.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாக எழுப்பத் தன் சொத்தைச் செலவிட்டவரும் இதே நாகரத்தினம்மாள்தான். ஆராதனைக்குப் போகிறவர்கள் சமாதிக்கு எதிரே அவருடைய சிலையைப் பார்க்கலாம். உங்கள் மகளையோ பேத்தியையோ அழைத்துப் போனால், அவர் கோயில் கட்டிய கதையோடு புத்தகம் பதிப்பித்த கதையையும் சொல்லுங்கள்.