கருவியும் கட்டுப்பாடும்

கம்பனியொன்றின் கணனிகளையும் கைத்தொலைபேசிகளையும் ஓரிடத்திலிருந்தே நிருவகிக்கும் முறை, தொலைவை வெல்லும் உபாயமாகவே பொதுவாக விளக்கப்படுகின்றது. நெடுந்தீவை நோக்குமிடத்து இவ்விளக்கம் பொருத்தமானதே. குறிகட்டுவானிற் படகேறியே அத்தீவை அடைதல் வேண்டும். கடல் கொந்தளிப்பின் அவ்வழியும் அடைபடும். ஆங்குள்ள கருவி இணையத்தோடு தொடர்புற்றிருக்குமாயின், கடவுச்சொல் விதியைப் புகுத்துதல், மென்பொருளைப் புதுப்பித்தல், கருவி தொலைந்தவிடத்துத் தரவை அழித்தல் ஆகியவற்றை நிருவாகி யாழ்ப்பாணத்திலிருந்தே செய்யலாம்.

ஆயின், கருவி எவருடையது என்பதே அடிப்படை வினா. ஊழியர் தமது சொந்தத் தொலைபேசியைத் தொழிலுக்குப் பயன்படுத்தும்போது, உழைப்புக் கருவியின் செலவு உழைப்பவர்மீது சுமத்தப்படுகின்றது. கட்டுப்பாடோ மூலதனத்தின் கைக்குச் செல்கின்றது. அக்கருவி முழுமையாகக் கம்பனியின் ஆட்சிக்குட்படின், பணிநீக்கத்தன்று ஒரே கட்டளையாற் குடும்பப் படங்களும் அழிந்துவிடக்கூடும்.

2015இல் கூகிள் நிறுவனம் அன்ரொயிட் தொலைபேசிகளில் அறிமுகஞ்செய்த ‘வேர்க் புரொபைல்’ இம்முரண்பாட்டை ஓரளவு தணிக்கின்றது. தொழில்சார் செயலிகளும் தரவுகளும் தனிப்பகுதியாகப் பிரிக்கப்படுகின்றன. சொந்தத் தொலைபேசியில் நிருவாகி அப்பகுதியை மட்டுமே அழிக்கலாம்; ஊழியரின் படங்களும் குறுஞ்செய்திகளும் அவர் பார்வைக்கு எட்டா.

எனவே, தமது கருவியைப் பதிவுசெய்யுமுன், அதன் எப்பகுதி எவர் ஆட்சிக்குட்பட்டது என்பதை ஊழியர் எழுத்திற் கேட்டறிதல் இன்றியமையாதது. தொழில்நுட்பம் வகுக்கும் எல்லையை உரிமையாக நிலைநிறுத்துவது உழைப்போரின் விழிப்புணர்வேயாம்.