முதல் தோசையைக் கணினியில் வார்ப்பது எப்படி?

முதல் தோசை பெரும்பாலும் பிய்ந்துதான் வரும். கல் காய்ந்திருக்காது, இல்லாவிட்டால் அதிகமாகக் காய்ந்திருக்கும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டாவதைப் பதமாக வார்த்துவிடுவோம். மூளைக்கட்டியை அகற்றும் மருத்துவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் வார்ப்பது ஒரே தோசை.

2009 ஆகஸ்டில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் டேவிட் கிளார்க் என்ற அறுவை மருத்துவர் அந்த முதல் தோசையைக் கணினியில் வார்த்தார். ஒரு நோயாளியின் மூளையுறைக் கட்டியை முப்பரிமாண மாதிரியில் அகற்றிப் பழகினார்; மறுநாள் நிஜக் கட்டியை எடுத்தார். கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒத்திகைக் கருவி அது. இந்த வித்தை எப்படி இயங்குகிறது?

1. சீவி அடுக்குதல்

பீட்ரூட்டை வட்ட வட்டமாகச் சீவி, வரிசை பிசகாமல் திரும்ப அடுக்கினால் முழுக் கிழங்கு கிடைக்கும். எம்ஆர்ஐ ஸ்கேன் கத்தி படாமல் மூளையை இப்படிச் சீவுகிறது. சீவல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட சீவல்களை அடுக்கி, மூளையின் உருவத்தைத் திரையில் நிறுத்துகிறது கணினி.

2. கல் பொறுக்குதல்

அந்த உருவத்தில் எல்லாமே சாம்பல் நிறம். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதுபோல, கட்டி எது, ரத்தக்குழாய் எது, எலும்பு எது என்று பிரித்து வண்ணம் கொடுக்க வேண்டும். பெரும்பகுதியை மென்பொருள் பொறுக்கிவிடும். விளிம்பு மங்கும் இடங்களில் மருத்துவரின் கண் வேண்டும்.

3. நார் பார்த்தல்

வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிறோமே நார், அதுபோல மூளைக்குள் பேச்சுக்கும் கைகால் அசைவுக்குமான நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. சாதாரண ஸ்கேனில் அவற்றின் பாதை தெரியாது. ஆனால் மூளைத் திசுவிலுள்ள தண்ணீர் இழையின் போக்கில் எளிதாக நகரும். குறுக்கே நகரத் திணறும். அந்த நகர்வை அளந்து பாதையைக் கணிக்கும் எம்ஆர்ஐ வகை ஒன்று உண்டு. கட்டியை எந்தப் பக்கமிருந்து நெருங்குவது என்ற முடிவுக்கு இந்த வரைபடம் பெரிதும் உதவுகிறது.

4. கைக்குப் பதம்

மாவின் பதம் கண்ணைவிடக் கரண்டி பிடித்த கைக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒத்திகைக் கருவியின் பிடிகளுக்குள் மோட்டார்கள் இருக்கின்றன. திரையில் கருவி திசுவைத் தொட்டதும், அது எவ்வளவு அமுங்கும், எவ்வளவு எதிர்க்கும் என்று கணினி அந்தக் கணமே கணக்கிட்டு, அதே எதிர்ப்பைக் கையில் தருகிறது. திரையில் ரத்தமும் கசியும். பிய்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி வார்க்கலாம்.

5. மூடி பொருத்துதல்

மாதிரி திரையில் இருக்கிறது, நோயாளி மேசையில் இருக்கிறார். குக்கர் மூடியின் கைப்பிடி பாத்திரத்தின் கைப்பிடியோடு நேராக வந்தால்தான் பூட்டும். அதுபோல, தலையை அசையாமல் பொருத்தி, மூக்கு, கண்ணோரம், நெற்றி எனப் புள்ளிகளைத் தொட்டுத் திரையிலுள்ள அதே புள்ளிகளோடு இணைக்கிறார்கள். அதன்பின் கருவியில் மாட்டிய சிறு உருண்டைகளை அகச்சிவப்புக் கேமரா பின்தொடரும். கருவியின் முனை எங்கே நிற்கிறது என்பதைத் திரை காட்டிக்கொண்டே இருக்கும்.

6. தயிர் சரிதல்

கட்டித் தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். குழியின் சுவர் சரியும், நீர் விடும். மண்டையோட்டைத் திறந்து, மூளையைத் தாங்கும் திரவம் வடிந்து, கட்டியும் கொஞ்சம் வெளியே வந்ததும் மூளை இடம் மாறுகிறது. சில நேரம் 1 சென்டிமீட்டருக்கும் மேல். அப்போது திரை காட்டுவது கரண்டி படாத தயிரை.

அதனால்தான் நடுநடுவே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறார்கள். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் 1990களிலேயே அறுவை அரங்குக்குள் எம்ஆர்ஐ வந்துவிட்டது.

முதல் தோசை நன்றாகவே பழக்கிவிடும். ஆனாலும் அடுத்ததை வார்க்குமுன் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்காமல் மாவு ஊற்றுவதில்லையே.