தேயாத கரும்பு

கடலூர் மாவட்டத்தில் கரும்பு போடுகிறவர்களிடம் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. புதிதாக வந்த ரகம் சில ஆண்டுகள் அள்ளிக் கொடுக்கும். பிறகு கணுக்கள் நெருங்கும், கரும்பு இளைக்கும், தூருக்குத் தூர் உயரம் மாறும், ஆலை எடைமேடையில் வண்டி முன்பு போல் நிற்காது. ‘ரகம் தேய்ஞ்சு போச்சு’ என்பார்கள். நெல்லிக்குப்பம் ஆலைப் பகுதியிலும் இதே பேச்சுதான், சிதம்பரத்துக்கு மேற்கே சேத்தியாத்தோப்பு கூட்டுறவு ஆலைப் பகுதியிலும் இதே பேச்சுதான். விளைச்சல் குறைவது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் காரணமாகச் சொல்லப்படுவது சரியில்லை. திரும்பத் திரும்ப வெட்டி நடுவதால் கரும்பின் மரபுப்பொருள் நைந்துபோகிறது என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. கரும்புச் செல் தன் மரபுப்பொருளை நகலெடுக்கும் வேலையில் தவறவில்லை என்பதும், அந்த வேலையை அது மிக ஒழுங்காகச் செய்வதுதான் விவசாயிக்கு வேறொரு பக்கத்தில் ஆபத்தாக முடிகிறது என்பதும் என் வாதம். செல் பிளவைப் பற்றிச் சென்ற வாரங்களில் பார்த்ததெல்லாம் இந்த இடத்தில் வயலுக்கு இறங்குகிறது.

கரும்பை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. இரண்டு பருவோ மூன்று பருவோ உள்ள கரணையாக நறுக்கிப் பாரில் பதிக்கிறோம். பருவின் நுனியில் இருக்கும் செல்கள் பிளந்து பெருகிப் புதுக் கரும்பாகின்றன. 1882-இல் ஜெர்மானியரான வால்தர் ஃப்ளெமிங் சாயமேற்றிய செல்களில் கண்டு விவரித்த அதே மைட்டாசிஸ்தான் இங்கும் நடக்கிறது. முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல இன்னொன்றைச் செய்துகொள்கிறது. இரட்டைகள் ஒட்டியபடியே செல்லின் நடுவில் வரிசைகட்டுகின்றன. இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர்க்கோல் இழைகள் ஒவ்வோர் இரட்டையையும் இரு பக்கமாகப் பிடித்த பிறகே அவை பிரிகின்றன. ஒன்றே ஒன்று பிடிபடாமல் நின்றாலும் செல் பொறுத்திருக்கும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி தானாகச் செய்யும் பிழை, ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒன்று. அதையும் உடனுக்குடன் பார்த்துத் திருத்தும் ஏற்பாடு இருப்பதால், கடைசியில் தங்கிவிடும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது. கரும்பின் மரபுத்தொகுதி பெரியது, ஏறக்குறைய ஆயிரம் கோடி எழுத்து. ஆக ஒரு பிளவுக்குச் சில எழுத்துகள் மாறலாம். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றையும் பாதிக்காத இடங்களில் விழும். விழக்கூடாத இடத்தில் விழுந்தாலும், கரும்பில் ஒவ்வொரு மரபணுவும் எட்டு முதல் பன்னிரண்டு பிரதிகள் வரை இருப்பதால், ஒன்று கெட்டால் மற்றவை தாங்கிக்கொள்ளும். மரபுப்பொருள் நைவதற்கு இவ்வளவு குறைந்த வாய்ப்புள்ள பயிர்கள் அதிகமில்லை.

தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையில் கறையான் அரித்துக் கிடந்தன என்று மரபு சொல்கிறது. எழுதியவர் கை பிசகியதால் வந்த இழப்பு என்று அதை யாரும் சொல்லவில்லை. கரும்பிலும் அரிப்பது வெளியிலிருந்து வந்ததே. மறுதாம்பைக் குட்டையாக்கும் பாக்டீரியா, கரும்பைப் புல்புதர்போல் கிளைக்கவைக்கும் ஃபைட்டோபிளாஸ்மா, இலையின் நடுநரம்பை மஞ்சளாக்கும் வைரஸ் ஆகிய மூன்றும் கரணைக்குள்ளேயே தங்கி, வெட்டும் கத்தியிலும் சாறுறிஞ்சும் பூச்சியிலும் பரவி, ஒரு நடவிலிருந்து அடுத்த நடவுக்குக் கூடவே வருகின்றன. நோய் என்று கண்ணுக்குத் தெரியாமலேகூடப் பல ஆண்டுகள் சேர்ந்துகொண்டிருக்கும். இதை எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? விதைக் கரணையைக் காற்று கலந்த நீராவியில் 50 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து நட்டால், புல்போலக் கிளைக்கும் நோய் பெருமளவு மட்டுப்பட்டுப் பயிர் தேறுகிறது. கெட்டுப்போன குரோமோசோமை ஒரு மணி நேர நீராவி சரிசெய்யாது. உள்ளே குடியிருந்த நுண்ணுயிரைத்தான் அது கொல்லும். வைரஸ் இன்னும் எட்டிப்பார்க்காத நுனிக் குருத்தை மட்டும் நறுக்கித் திசு வளர்ப்பில் நாற்றாக்கினால், ‘தேய்ந்த’ அதே ரகம் பழைய வீரியத்தோடு எழுகிறது. மூன்றாவது சாட்சி கேரளத்துக் கண்ணூரில் இருக்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் அங்குள்ள மையத்தில் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த பழைய கரும்புகளைப் பல பத்தாண்டுகளாகக் கரணையாகவே நட்டு நட்டுக் காத்துவருகிறார்கள். ‘சக்காரம் அஃபிசினாரம்’ என்னும் தடித்த இனிப்புக் கரும்பின் 80 குரோமோசோம்கள் அங்கே 80-ஆகவே இருக்கின்றன.

மைட்டாசிஸ் அப்படியொன்றும் பிழையே செய்யாததல்ல என்று தாவரவியல் படித்தவர்கள் மறுப்புச் சொல்லக்கூடும். அது நியாயமான மறுப்பு. வரிக்கரும்புத் தூரில் திடீரென்று வரியே இல்லாத கரும்பு ஒன்று கிளம்புவது நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்த செய்தி. ஒரு பருவின் செல்லில் நேர்ந்த மாற்றம் அந்தப் பருவிலிருந்து எழும் கரும்பு முழுவதற்கும் வந்துவிடுகிறது. திசு வளர்ப்பிலும், குருத்தை நேராக நாற்றாக்காமல் உருவற்ற செல் திரளாக முதலில் பெருக்கினால், தாயைப் போலில்லாத செடிகள் முளைப்பது உண்டு. இவை உண்மை. ஆனால் இப்படி வரும் மாற்றம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் போகும். ஒரு வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே ரகம், ஒரே சில ஆண்டுகளுக்குள், ஒரே மாதிரி இளைப்பதற்கு இந்தச் சிதறிய பிழைகள் காரணமாக முடியாது. எல்லா வயலுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று பரவியிருந்தால்தான் அது நடக்கும்.

இனி என் வாதத்தின் இரண்டாம் பாதி. 1980-களில் தமிழ்நாட்டு ஆலைகள் தலையில் வைத்துக் கொண்டாடிய ரகம் கோ.க. 671. ‘கோ’ கோயம்புத்தூரையும் ‘க’ கடலூரையும் குறிக்கும். கோயம்புத்தூரில் கலப்புச் செய்து கடலூர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த கரும்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த க்யூ 63 ஒரு பெற்றோர், நம் கோ 775 மற்றொன்று. சீக்கிரமே சர்க்கரை ஏறும் கரும்பு என்பதால் ஆலைகளுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. அதைச் செவ்வழுகல் நோய் வீழ்த்தியது. மேலே இலை மஞ்சளாகிக் காயும். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, இடையிடையே வெள்ளைப் பட்டை, புளித்த கள் வாடை. பிடித்த தூரைக் காப்பாற்ற வழியில்லை. இந்தக் கோ.க. 671 என்பது ஒரே ஒரு விதையிலிருந்து ஒரே ஒரு முறை பிறந்த செடி. மாவட்டம் முழுக்க நின்றது அந்த ஒரு செடிதான், கரணை கரணையாக. செவ்வழுகல் பூஞ்சணமும் வயலில் பெரும்பாலும் மைட்டாசிஸ் வழியாகவே வித்து விட்டுப் பெருகுகிறது. அதன் பாலினக் கட்டம் வயலில் அரிதாகவே காணப்படுகிறது. நகலெடுப்பில் அதற்கும் கரும்பைப் போன்ற சிறு பிழைதான். ஆனால் ஒரு பருவத்தில் அது விடும் வித்துகளுக்குக் கணக்கில்லை. அத்தனை நகல்களில் ஏதோ ஒன்றில் நேரும் மாற்றம் கோ.க. 671-இன் தடுப்பைத் தாண்ட உதவினால் போதும். தாண்டிய வித்துக்கு எதிரே நின்ற ஒவ்வொரு தூரும் ஒரே பூட்டைப் போட்டிருந்தது. கரும்பு மாறாமல் நின்றதால்தான் தோற்றது.

இது புதிய கதையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோதாவரிப் பாசனத்தில் கரும்பு இதே நோயால் அழிந்தபோது, மதராஸ் அரசின் தாவரவியலாளரான சி.ஏ. பார்பர் அதை ஆராயப் போனார். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதற்குத் தலைவரானவரும் அவரே. அண்மையில் இந்தக் கதை வடக்கே மறுபடி நடந்தது. 2009-இல் வெளிவந்த கோ 0238 உத்தரப்பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பிடித்தது. விவசாயியும் ஆலையும் சேர்ந்து மகிழ்ந்த ரகம் அது. அதே பரப்பில் செவ்வழுகல் பரவியபோது, அரசே அந்த ரகத்தைக் கைவிடச் சொல்லவேண்டி வந்தது.

அப்படியானால் விதை போட்டே கரும்பு வளர்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். விதை உண்டாக வேண்டுமானால் மியாசிஸ் நடந்தாக வேண்டும். அங்கே குரோமோசோம்கள் இணை சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பாதியாகக் குறைகின்றன. எந்தப் பாதி எந்த மகரந்தத்துக்குப் போகும் என்பதில் இரண்டு முறை ஒரே விளைவு வராது. இதைப் பார்க்கப் பண்ருட்டிக்குப் போனால் போதும். கொட்டை போட்டு எழுந்த பலா மரங்களில் ஒன்றின் சுளை இன்னொன்றைப் போல் இராது. அந்தப் பன்மையிலிருந்துதான் பாலூர் ஆராய்ச்சி நிலையம் பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றைத் தேர்ந்து பாலூர் 1 பலாவாக வெளியிட்டது. பலாவில் அந்தப் பன்மை ஒரு செல்வம். கரும்பு வயலிலோ தூருக்கு ஒரு உயரம், தூருக்கு ஒரு முதிர்ச்சி என்றால் வெட்டுக்கூலிகூடத் தேறாது. போதாததற்குக் கரும்பின் குரோமோசோம் கணக்கு வேறு விபரீதமானது. பார்பரும் கோயம்புத்தூர் நிலையத்தில் அவருடன் பணிபுரிந்த டி.எஸ். வெங்கட்ராமனும் தந்த கோ 205, தடித்த ‘வெள்ளை’க் கரும்பையும் கோயம்புத்தூரின் காட்டு நாணலையும் கலந்து 1918-இல் வெளியானது. தாய்க் கரும்பு தன் 80 குரோமோசோம்களைப் பாதியாக்காமல் அப்படியே கொடுத்துவிட, நாணல் தன் 64-இல் பாதியான 32-ஐக் கொடுக்க, பிள்ளைக்கு 112 வந்தது. இன்றைய ரகங்களில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் இருக்கின்றன. இத்தனை கூட்டம் இணை சேர்ந்து பிரிவதில் குழப்பம் வராமல் இருக்குமா? ஒரு கலப்பில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாதவை. அவற்றில் ஒன்றைப் பொறுக்கியெடுக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அப்படிக் கிடைத்த ஒன்றைக் கலைந்துவிடாமல் பிடித்துவைக்க மைட்டாசிஸைத் தவிர நமக்கு வேறு கருவி கிடையாது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காணலாம். அங்கு வளரும் இரண்டு சுரபுன்னை இனங்களுக்கு இடையே தானாகப் பிறந்த ஒரு கலப்பினத்தை, அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் பேராசிரியர் கதிரேசன் 1990-களில் இனங்கண்டு விவரித்தார். பல்கலைக்கழகத்தின் பெயராலேயே அதற்கு ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’ என்று பெயர். டி.என்.ஏ. ஆய்வும் அது கலப்பினம்தான் என்று பின்னர் உறுதிசெய்தது. திடமான மரம், அதன் உடல் செல்களில் மைட்டாசிஸ் எந்தக் குறையுமில்லாமல் நடக்கிறது. ஆனால் அதன் மகரந்தம் பெரும்பாலும் மலடு. மற்றச் சுரபுன்னைகளில் கிளைக்குக் கிளை முளைத்துத் தொங்கும் நாற்று இதில் அரிது. மனிதன் கரணை வெட்டி நடாவிட்டால் கலப்பினக் கரும்பின் பிழைப்பும் அவ்வளவுதான். உடலை வளர்க்கும் பிளவும் சந்ததியைத் தரும் பிளவும் எவ்வளவு தனித்தனி வேலைகள் என்பதை இந்த மரத்தை விடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் பக்கத்தில் இல்லை.

‘தேய்ஞ்சு போச்சு’ என்ற விளக்கத்தை நான் இவ்வளவு தூரம் எதிர்ப்பதற்குக் காரணம், அது விவசாயியைத் தவறான மருந்துக்கு அனுப்புகிறது என்பதே. இளைப்புக்குக் காரணம் சேர்ந்துபோன நோய் என்றால், மருந்து அதே ரகத்தின் தூய்மையான விதைக்கரும்பு: நீராவி நேர்த்தி செய்த கரணை, அதற்கெனத் தனியே வளர்த்த ஆறேழு மாத நாற்றங்கால், திசு வளர்ப்பு நாற்று. புது ரகத்தைத் தேடி அலைந்து, அதையும் நோயுள்ள பழைய வயலின் பக்கத்திலேயே நட்டால், சில ஆண்டில் அதற்கும் அதே கதி. வீழ்ந்ததற்குக் காரணம் செவ்வழுகல் என்றால் மருந்து வேறு. அப்போது ரகத்தை மாற்றத்தான் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் நிரப்பாமல், ஒரே ஆலைப் பகுதியில் தாய் தந்தை வேறான மூன்று நான்கு ரகங்களைப் பிரித்து நடவேண்டும். ஒரே ரகம் இருந்தால் வெட்டு முறையும் முதிர்ச்சியும் ஒழுங்காக இருக்கும், சர்க்கரைக் கட்டுமானம் ஏறும் என்று ஆலைகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆதாயம் ஆலைக்கு ஆண்டுதோறும் கிடைக்கிறது. பூஞ்சணம் தாண்டிவிடும் ஆண்டில் நட்டம் முழுவதும் கடன் வாங்கி நட்டவர் தலையில் விழுகிறது. இந்தக் கணக்கை ஒருதலையாக விட்டுவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விதை நாற்றங்காலுக்கும் நீராவி நேர்த்திக்கும் ஆகும் செலவை ஆலையே ஏற்கவேண்டும் என்று கேட்பதற்கு விவசாயிக்கு முழு உரிமை உண்டு.

ஆராய்ச்சி நிலையங்களில் ஒவ்வொரு புது நாற்றும் ரகமாகும் முன்னால், அதன் தண்டில் துளையிட்டுச் செவ்வழுகல் பூஞ்சணத்தை வேண்டுமென்றே செலுத்திப் பார்க்கிறார்கள். தாங்கினால் அடுத்த கட்டம், சிவந்தால் கழிவு. அந்தச் சோதனைக்கு எடுக்கும் பூஞ்சணம் இன்று வயலில் இருப்பதாக இருக்கவேண்டும். பத்தாண்டுக்கு முன் சேகரித்ததை வைத்துச் சோதித்தால் தேர்ச்சி பெற்ற ரகம் முதல் நடவிலேயே விழும். அதனால் கரும்பைப் பிளந்து சிவப்பைக் காண்கிறவர், அந்தத் தூரை வேரோடு எடுத்துக் கொளுத்துவதற்கு முன், ஒரு துண்டைக் கடலூர் நிலையத்துக்கோ ஆலையின் கரும்பு அலுவலரிடமோ சேர்ப்பிப்பது அடுத்த ரகத்தின் தேர்வுக்கு நேரடியாக உதவும்.

(தொடரும்)