மிசிசிப்பி ஜான் ஹர்ட்

மிசிசிப்பி ஜான் ஹர்ட் (இறப்பு: நவம்பர் 2, 1966) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புளூஸ் பாடகரும் கித்தார் இசைக்கலைஞரும் ஆவார். 1928 இல் சில பாடல்களைப் பதிவு செய்த இவர், அதன்பின் ஏறத்தாழ 35 ஆண்டுகள் இசையுலகின் கவனத்திற்கு வராமல் வாழ்ந்தார். 1963 இல் இவரது பழைய பாடல் ஒன்றே இவர் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

இளமைக்காலம்

ஹர்ட் மிசிசிப்பி மாநிலத்தின் டியோக் என்னும் இடத்தில் பிறந்தார். இவரது பிறந்த ஆண்டு 1892 என்றும் 1893 என்றும் குறிப்பிடப்படுகிறது. அருகிலுள்ள அவலான் என்ற சிற்றூரில் வளர்ந்தார். ஏறத்தாழ ஒன்பது வயதில் தாமாகவே கித்தார் பழகினார். நிலத்தில் உழைத்துக்கொண்டே ஊர் நடன விருந்துகளில் வாசித்து வந்தார்.

முதல் பதிவுகள்

வில்லி நார்மூர் என்ற வெள்ளையினப் பிடில் கலைஞர் இவரை ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்திற்குப் பரிந்துரைத்தார். 1928 இல் மெம்பிசிலும் பின்னர் நியூயார்க்கிலும் இவரது பாடல்கள் பதிவாயின. விற்பனையைக் கருதி, நிறுவனம் இவரது பெயருடன் 'மிசிசிப்பி' என்பதைச் சேர்த்தது. ஆயினும் இசைத்தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்த ஆண்டில் பெரும் பொருளியல் வீழ்ச்சி தொடங்கியது. ஹர்ட் அவலானில் விவசாய வேலையிலேயே தங்கிவிட்டார்.

மீண்டும் கண்டறியப்படல்

1952 இல் ஆரி சிமித் தொகுத்து வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றன. இதனால் இளைய இசை ஆர்வலர்கள் இவரை அறிந்தனர். ஆனால் இவர் உயிருடன் உள்ளாரா என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நியூயார்க்கில் பதிவான 'அவலான் புளூஸ்' பாடலில் ஹர்ட் தம் சொந்த ஊரைக் குறிப்பிட்டிருந்தார். இதன் அடிப்படையில் டாம் ஆசுகின்சு 1963 இல் அங்கு சென்றபோது ஹர்ட் அவ்வூரிலேயே வாழ்ந்துவந்தார்.

அதே ஆண்டில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் இவர் பாடிப் பெரும் வரவேற்பைப் பெற்றார். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற்காகவும் வான்கார்ட் நிறுவனத்திற்காகவும் பாடல்களைப் பதிவு செய்தார்.

இசைப்பாணி

ஹர்ட் கட்டைவிரலால் தாழ்சுரத் தந்திகளைச் சீரான தாளத்தில் மாறிமாறி மீட்டி, மற்ற விரல்களால் மெட்டை வாசித்தார். இதனால் ஒரே கித்தார் இருவர் வாசிப்பதுபோல் ஒலித்தது. மிசிசிப்பி டெல்டாப் பகுதிக் கலைஞர் பலரின் உரத்த குரலுக்கு மாறாக, இவரது குரல் மென்மையானது.

மறைவு

ஹர்ட் 1966 இல் மிசிசிப்பியின் கிரெனடா நகரில் காலமானார். இவரது இரண்டாவது இசைவாழ்வு மூன்று ஆண்டுகளே நீடித்தது. ஆனால் அப்போது பதிவான பாடல்களும் 1928 ஆம் ஆண்டுப் பதிவுகளும் விரல்மீட்டுக் கித்தார் பயில்வோருக்கு இன்றும் பாடமாக விளங்குகின்றன.