தட்டைச் சீராக்கப் பணம் வேண்டுமா?

கணிப்பொறியிலுள்ள ஹார்ட் டிஸ்க் ஒரு சுழலும் தட்டு. தொடர்ச்சியான இடம் இல்லாதபோது, ஒரு கோப்பு அதில் துண்டு துண்டாகவே பதிகிறது. படிக்கும் முனை அத்துண்டுகளை ஓடி ஓடித் தேட வேண்டும். நிமிஷத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8 மில்லி செகண்டு ஆகும். கணிப்பொறிக்கு அது நெடுநேரம்! சிதறியவற்றைத் திரட்டி வரிசைப்படுத்துவதே டிஃப்ராக்மென்டேஷன்.

இதற்கென விற்கப்படும் மென்பொருளை வாங்கலாமா என மாணவர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0இல் இவ்வசதி இல்லை. அன்று வாங்கியவர்களை நான் குறைகூற மாட்டேன். விண்டோஸ் 2000இலோ அது உடன் வந்தது. 2009இல் வெளியான விண்டோஸ் 7 வாரந்தோறும் தானே அவ்வேலையைச் செய்தது. அதற்குத் தனிக் கூலி எதற்கு?

எஸ்.எஸ்.டி. வைத்திருப்போர்க்கு இது பயனற்றது மட்டுமன்று. அதில் தட்டுமில்லை, ஓடும் முனையுமில்லை. அதன் நினைவணுக்களோ ஓரளவுதான் எழுதத் தாங்கும். வீணே இடம் மாற்றி எழுதினால் ஆயுள்தான் தேயும்.

பழைய தட்டு வைத்திருப்பவர்கள், விண்டோஸிலேயே உள்ள கருவியைத் திறந்து சிதறல் எத்தனை விழுக்காடு எனப் பாருங்கள். காலியிடத்தையும் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை எஸ்.எஸ்.டி. வாங்கச் சேர்த்து வைக்கலாம்.