ராஜபாளையத்துக்காரர் ஆட்சியில் உரசிப் பார்த்த சட்டம்

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை மாநிலத்தை ஆண்டவர் ராஜபாளையம் பூ.ச. குமாரசாமி ராஜா. அழுத்தமான காந்தியவாதி. பேச்சுரிமை, சமத்துவம், தனிமனித சுதந்திரம் ஆகியவற்றுக்கு உச்ச நீதிமன்றம் முதன்முதலாகப் பொருள் சொன்ன பெரிய வழக்குகளில், ஒரு தரப்பாக நின்றது அவருடைய அரசுதான்.

தடுப்புக் காவலை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில் அரசு பெரும்பாலும் வென்றது. ஆனால் பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழுக்கு மார்ச்சில் போட்ட தடை, மே 26 அன்றே செல்லாமல் போயிற்று.

தமிழ்நாட்டை உலுக்கியது மூன்றாவது வழக்கு. கல்லூரி இடங்களை 14 பங்காக்கி, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பிரித்தது வகுப்புவாரி அரசாணை. செண்பகம் துரைராஜன் வழக்கில் அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள். ஜூன் மாதமே முதல் சட்டத்திருத்தம் வந்தது. பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அதில்தான் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவரையும் ஒதுக்கியவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது; அந்த வகையில் திருத்தம் நியாயமானது. அதே திருத்தம் பேச்சுரிமைக்குக் கூடுதல் கடிவாளம் போட்டதோ வருந்தத்தக்கது.

அடுத்த சோதனை மக்களிடம். சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுரிமை தந்த காலம் போய், 21 வயதான எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அது. சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர், அவரை நன்கறிந்த மக்கள். ஆளும் முதலமைச்சரைச் சாமானியர்கள் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி பொறுப்பேற்றார்.

பின்னாளில் ஒரிசா ஆளுநரான குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிகளில் குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு, இந்த மூன்று வழக்குகளையும் அந்த ஒரு தேர்தலையும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.